பாலட்டு என்னும் சொல்லின் பொருள்

ஏரிகள் நிறைக. எல்லைகள் அமைதி பெறுக. வெண்கரை நாட்டை ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் மாவெண்கோ மகாராசர் திருவடிகளுக்கு, ஓலைநாயகம் சாத்தன் ஐயாறன் கீழ்மதகூரிலிருந்து பணிந்து எழுதும் விண்ணப்பம்.

சபை ஏரிக்கரை மண்டபத்தில் கூடியது. வடக்கே உயர்ந்த பலகையில், தங்கள் முத்திரை மோதிரம் அணிந்து அடியேன். நேர் எதிரே பாயில் ஊர்த்தலைவர் மாடலன் கிழார். அவர் முதுகுக்குப் பின்னே மேல்வயலார். கடைசியில், வெயில் விழும் தரையில், கீழ்வயல் உழவர். என் அருகே கடல்கடந்து வந்த ஒரு கப்பல் வணிகர். யார் எங்கே இருந்தார் என்பதை முதலில் எழுதக் காரணம் உண்டு, பின்னால் விளங்கும்.

தாங்கள் இட்ட பணி இரண்டு. அரண்மனைப் புதுப் பூந்தோட்டத்துக்கு நீர் திருப்பக் கீழ்மதகை அடைக்கலாமா என்று ஊரைக் கேட்பது ஒன்று; கடல்கடந்தோர் வாயில் அடிக்கடி வரும் ‘பாலட்டு’ என்ற சொல்லின் பொருளை அறிவது மற்றொன்று.

வழக்கப்படி, இசைவோர் கை தூக்குக என்றேன். கிழார் தூக்கினார், உடனே எல்லாக் கைகளும் எழுந்தன. மதகு அடைபட்டால் எவர் பயிர் கருகுமோ, அவர்கள் கையும் எழுந்தது. அப்போது கீழ்வயல் ஆதிநங்கை எழுந்து, “கை அவரப் பாத்துத் தூக்கிடுச்சு சாமி. வயித்தக் கேட்டா வேற சொல்லுது,” என்றாள். பலர் நகைத்தனர், கிழார் நகைக்கவில்லை.

வணிகரிடம் வழி கேட்டேன். தம் நாட்டில் ஒவ்வொருவரும் தம் விருப்பத்துக்கு அடையாளமாகச் சிறு உருண்டையை மூடிய கலத்தில் இடுவர் என்றும், அதற்கே பாலட்டு என்று பெயர் என்றும், இன்று உருண்டை ஏடாக மாறியும் பெயர் மாறவில்லை என்றும், ‘பாலட்டுக்கு விடுவோம்’ என்றால் வாதம் போதும், கலத்தைக் கேட்போம் என்பதாகும் என்றும் சொன்னார்.

பானை வைத்தோம். ஆளுக்கு ஒரு நெல்லும் ஒரு புளியங்கொட்டையும் கொடுத்தோம்: மதகு திறந்திருக்க நெல், அடைக்கப் புளியங்கொட்டை. ஆயினும் எதைக் கொடுப்பதானாலும் தலைவருக்கு இரு கையால் காட்டிவிட்டுக் கொடுப்பது இவ்வூர் மரியாதை. அப்படியே ஒவ்வொருவரும் காட்டிவிட்டு இட்டனர். கிழாரும் பண்போடு தலையசைத்தார். பானை முழுதும் புளியங்கொட்டை. காட்டி இட்டது பாலட்டு ஆகாது என்றார் வணிகர்.

எனவே கரையோரம் பாய்த்தட்டி கட்டி, அதற்குள் வெறும் பானையை வைத்து, மீண்டும் இரண்டையும் கொடுத்து, ஒவ்வொருவராய்ச் சென்று ஒன்றை இடவும், மிஞ்சியதை ஏரியில் விடவும் செய்தேன். கிழார் கடைசியாகப் போனார். கவிழ்த்தபோது அத்தனையும் நெல். ஒரு புளியங்கொட்டைகூட இல்லை.

நான் கிழாரைப் பார்த்தேன். “எல்லாரும் என்னப் பாத்தாங்க,” என்றார் அவர் மெல்ல. “நா ஐயா கையில இருந்த மோதிரத்தப் பாத்தேன்.”

ஆகவே அரசே, பாலட்டு என்பது எவர் முகமும் பாராது ஒருவர் தம் மனத்தை இடுவது. தங்கள் முகத்தையும் பாராது.

கிழார்மீது சினம் வேண்டா. மறு ஆணை வரும்வரை கீழ்மதகு திறந்தே இருக்கவும், எவர் எதை இட்டார் என்று எவரும் எவரையும் கேளாதிருக்கவும் தங்கள் பேரால் கட்டளையிட்டுள்ளேன். பானை நெல்லைக் கீழ்வயலில் விதைத்தாயிற்று.

இவ்வோலைக்கு அரக்கில் முத்திரை பதித்ததும் மோதிரத்தைக் கழற்றி இதே ஓலைக்குழலில் இட்டு அனுப்புகிறேன். இனி ஊரைக் கேட்கப் போகிறவர் அது இல்லாமலே போகட்டும்.