எட்டாம் நாளுக்குப் பிறகு

பரளச்சி
4-6-1976

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். பம்பாயில் மழை பிடித்துவிட்டதா? இங்கே ஒரு சொட்டு இல்லை. உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. எனக்கு இது ஐந்தாம் மாதம்.

போன செவ்வாய்க்கிழமை மாரிக்கனி என்று ஒரு நர்சம்மா வீட்டுக்கு வந்தார்கள். முந்தைய பிரசவங்களைக் கேட்டார்கள். இரண்டும் ஆண் பிள்ளைகள், ஐந்து நாள் நன்றாகப் பால் குடித்தார்கள், ஆறாம் நாள் வாய் திறக்க முடியாமல் உடம்பு விறைத்தது, எட்டாம் நாள் போய்விட்டார்கள் என்று சொன்னேன். மாசமாக இருக்கும்போதே நான் இரண்டு ஊசி போட்டுக்கொண்டால் பிள்ளைக்கு அது வராதாம்.

அத்தை விடவில்லை. "அது குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி. எங்க வீட்ல ஒத்தப் பிள்ள தங்கல, அதுக்குள்ளயா? போம்மா அங்கிட்டு" என்று அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் ஒரு வரி எழுதினால் அத்தை கேட்பார்கள். எழுதுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
சண்முகவடிவு


பம்பாய்
21-6-1976

அன்பு வடிவுக்கு,

மில்லில் ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் தாமதம், கோபிக்காதே.

ஊசி விஷயம் படித்தேன். அம்மாவை எதிர்த்து ஒன்றும் செய்ய வேண்டாம். அப்பா போன பிறகு என்னை ஆளாக்க அம்மா பட்ட பாடு உனக்குத் தெரியும். வெள்ளைத்தாய் ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள். இந்தத் தடவை சாமி நம்மைக் கைவிடாது. நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீர்க் குடம் தூக்காதே.

இப்படிக்கு,
உன் சௌந்தரபாண்டியன்


மல்லாங்கிணறு
22-9-1976

அன்புள்ள அத்தானுக்கு,

வளைகாப்பு முடிந்து அப்பா என்னை இங்கே அழைத்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. வந்த வாரம் ஒரு ஊசி, போன வாரம் இன்னொன்று போட்டுக்கொண்டேன். உங்களைக் கேட்கவில்லை. கை இரண்டு நாள் வலித்தது. வேறொன்றும் இல்லை.

இந்த ஊர் நர்சம்மா, "தொப்புள்கொடிய எதால அறுத்தாக?" என்று கேட்டார்கள். கதிர் அறுக்கிற அரிவாளால் வெள்ளைத்தாய் அறுத்ததையும், அத்தை சாணிச் சாம்பல் வைத்ததையும் சொன்னேன். "அதுலதாம்மா வந்திருக்கு. ரண ஜன்னி" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கம்மஞ்சோறு சாப்பிட்டேன். தலை வாரிக்கொண்டேன். அழுகை வரவில்லை. பிரசவத்துக்கு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்.

உங்கள் மனைவி,
சண்முகவடிவு


பம்பாய்
5-10-1976

அன்பு வடிவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு மறைக்க முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், என்னோடு தறி ஓட்டும் தவசியின் சம்சாரத்துக்கு இங்கே பிரசவம். துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு டாக்டரம்மா எங்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார்: கொதிக்கவைத்த பிளேடால்தான் கொடியை அறுக்க வேண்டும், சாம்பல் வைக்கவே கூடாது, வைத்தால் பிள்ளை விறைத்துச் சாகும் என்று. அப்போது நம் இரண்டாவது பிள்ளை உன் வயிற்றில் எட்டு மாதம்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். மூத்தவனுக்குச் சாம்பல் வைத்தது அம்மா கை. தெரிந்தால் அம்மா தாங்கமாட்டாள் என்று பாதியில் கிழித்துப் போட்டேன். இந்தத் தடவை நீ கேட்டும் எழுத மனம் வரவில்லை.

என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு. பொங்கலுக்கு வருகிறேன்.

சௌந்தரபாண்டியன்


மல்லாங்கிணறு
16-11-1976

அத்தானுக்கு,

ஐந்தாம் தேதி பெண் பிள்ளை பிறந்தது. இன்று பன்னிரண்டாம் நாள். பால் குடிக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டவர், "எத்தனாவது பிள்ள?" என்றார். "மூணாவது" என்றேன். "உசுரோட?" என்றார். "இது ஒண்ணுதான்" என்றேன். அப்பா பெயருக்கு உங்கள் பெயரைச் சொன்னேன்.

எட்டாம் நாள் விடிந்ததிலிருந்து அவள் வாயில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சப்பினாள். மறுநாள் நர்சம்மா வந்து, இனிப் பயமில்லை என்றார்கள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் மேல் கோபமும் வரவில்லை. வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று அத்தை வந்தார்கள். பிள்ளையைப் பார்த்து, "எம் மவன் மூஞ்சி அப்படியே" என்று அழுதார்கள். பிறகு, "எப்ப வாரே?" என்று கேட்டார்கள்.

"நான் வரல, அத்தை."

"ஏன்த்தா? நான் என்ன செஞ்சேன்?"

பிள்ளை மடியில் இருந்தது. சாம்பல் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

"உங்க மவன்கிட்ட கேளுங்க" என்றேன்.

நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். யாரையாவது வைத்து உங்களுக்கு எழுதுவார்கள். அவர்களுக்குப் பதில் போடுங்கள். எனக்கு வேண்டாம்.

சண்முகவடிவு