எழுந்து நிற்காத மரியாதை

இன்று காலை ஷிப்ட் தொடங்கும் முன்பே மனிதவளப் பிரிவிலிருந்து பதினோரு படிவங்கள் என் மேஜைக்கு வந்துவிட்டன. பம்ப் பூட்டும் எங்கள் லைனில் இருக்கும் பதினோரு பெண்களுக்கும் ஆண்டு மதிப்பீடு எழுத வேண்டுமாம். உற்பத்தி, வருகை, பாதுகாப்பு என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் 'ரெஸ்பெக்ட்ஃபுல்' என்று ஒரே ஒரு சொல், பக்கத்தில் டிக் போட ஒரு சதுரம். அதைப் பார்த்ததும் திறந்த பேனாவை மூடிவிட்டேன். நீ இருந்திருந்தால், "எந்த மரியாதையக் கேக்கறாங்கனு மொதல்ல கேட்டு வாங்கியா" என்று படிவத்தைத் திருப்பி அனுப்பியிருப்பாய். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்து நான்கு மாதம் ஆகிறது. லைன் லீடர் என்று சட்டையில் பட்டை குத்தியிருக்கிறார்கள். இன்னமும் யாராவது "அக்கா" என்று கூப்பிட்டால் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

கெலமங்கலத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏழு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். நீ சாமல்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த வீட்டில் தெலுங்கு, புகுந்த வீட்டில் கன்னடம், என்னோடு தமிழ். ஆங்கிலம் பேச மட்டும் உனக்கு ஆள் இல்லை. அதனாலேயே அதன்மேல் உனக்கு அத்தனை ஆசை. கைப்பையில் ஒரு குட்டி அகராதி, ஒரு நாற்பது பக்க நோட்டு. நாளுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஆளைப் பிடித்து ஒட்ட வைக்காமல் நீ பஸ்ஸை விட்டு இறங்கியதில்லை.

'சிவில்', ஒப்புக்குக் காட்டும் மரியாதை, அந்தச் சொல்லுக்கு உன் இரண்டு நாத்தனார்கள். பாகப் பிரிவினையில் முட்டிக்கொண்டவர்கள், விசேஷ வீட்டில் எதிரெதிரே வந்துவிட்டால் "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். 'கர்ட்டஸி' என்ற உபசார மரியாதை நம் பஸ் டிரைவருக்கு. மழை நாளில் சந்து முனை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தி, நாம் குடையை விரிக்கும் வரை ஹாரன் அடிக்காமல் பொறுத்திருப்பார். அண்ணன் என்ன சொன்னாலும் தலையாட்டும் உன் வீட்டுக்காரருக்கு 'டெஃபரன்ஸ்', பெரியவர் சொல்லுக்கு அடங்கிப் போவது. அதை எழுதிவிட்டு நோட்டை வீட்டில் காட்டாதே என்று நான்தான் சொன்னேன்.

'அட்மிரேஷன்', ஒருவர் திறமையை மெச்சுவது, அந்த விஷயத்தில்தான் எனக்குக் குழப்பம். அதை நீ வெல்டிங் பகுதியில் இருந்த ஒருத்திக்குக் கொடுத்தாய். அவளுக்கும் உனக்கும் ஏழாம் பொருத்தம்.

"அவள உனக்குக் கண்டாலே ஆவாதே" என்றேன்.

"ஆவாதுதான். வாயி அவ்ளோ பொல்லாதது. ஆனா கைய பாத்தியா, ஒரு வெல்டு கோணுமா? புடிக்காதவ மேலயும் அட்மிரேஷன் வரும்டி. ரெஸ்பெக்ட் அப்பிடி வராது. அதுக்கு அந்த ஆள நம்பணும்."

"கும்புடறவன் எந்த மனசோட கும்புடறான்னு சாமிக்குத் தெரியும். இதுக்குப் போயி இத்தன வார்த்தையா?"

"சாமிக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாதே" என்றாய் நீ. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

எனக்கு அதெல்லாம் வழிப் பொழுதுபோக்கு. என் வேலையே ஒரு நாள் அந்த வார்த்தைகளில் வந்து நிற்கும் என்று அப்போது யார் நினைத்தது?

நம் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் உத்தரவு போட்டதில்லை, எந்தச் சுவரிலும் எழுதி வைத்ததில்லை. பிளாண்ட் மேனேஜர் நடைபாதையில் வந்தால் நாம் எல்லோரும் எழுந்து நிற்போம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்தால் எழுந்து பழகிய கால்கள் அவை. அவரும் தலையை அசைத்துவிட்டுப் போவார். நான்கு நொடிதான். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அன்றைக்கு என் கையில் ஒரு பம்ப் இருந்தது. ஐந்து போல்ட். ஒவ்வொன்றையும் அளவாக முடுக்கினால் கருவி 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். உடனே அதன் தலையில் பச்சைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நான்கு முடித்திருந்தேன். மேனேஜர் வந்தார், எழுந்தேன், அவர் போனார், உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கை நேராகப் பெயின்ட்டுக்குப் போய்விட்டது. முடுக்காத ஐந்தாவது போல்ட்டுக்கும் பச்சைப் புள்ளி வைத்து அனுப்பினேன்.

பம்பை வாங்கிய கம்பெனிக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் நம்பரை வைத்து என் மேஜையையும் என் ஷிப்டையும் பிடிப்பது பெரிய காரியமா? கேமராவில் நான் எழுந்து நின்றதும் தெரிந்தது. ஆனால் எழுந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. கவனக்குறைவு என்றார்கள். அப்போது நான் ஒப்பந்தத்தில் இருந்தவள். நிரந்தரம் செய்யும் பட்டியல் அடுத்த மாதம் வர இருந்தது. மூன்று நாளில் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வாசல் வரை வர வேண்டாம் என்று மெமோ. எழுத வேண்டியதையும் ஆபீஸில் ஒருவர் இரக்கப்பட்டுத் தானே தட்டச்சு செய்து கொடுத்தார். 'நான் கவனமில்லாமல் நடந்துகொண்டேன், மன்னிக்க வேண்டுகிறேன்.' கையெழுத்துப் போட்டால் போதும்.

நான் போடத்தான் இருந்தேன். கேன்டீனில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. நீ காகிதத்தை என் கையிலிருந்து இழுத்தாய்.

"இதுல கையெழுத்துப் போட்டா, உன்ன வெளிய அனுப்ப வேற காகிதமே தேவயில்லடி. நீ கேர்லெஸ்ஸா?"

"போல்ட்டு முடுக்கல. புள்ளி வெச்சேன். தப்பு என்னுதுதானே?"

"தப்பு உன்னுதுதான். அத எழுதலாம். கேர்லெஸ்ஸுனு எழுத முடியாது. ஏன் எழுந்தன்னு எழுதணும்."

"ரெஸ்பெக்ட்டுக்குத்தான் எழுந்தேன். அப்பிடியே எழுது."

நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டாய். "நல்லா யோசிச்சுச் சொல்லு. அவரு வராரேனு எழுந்தது ரெஸ்பெக்ட்டா?"

யோசித்தேன். எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். அவ்வளவுதான்.

அன்று பஸ்ஸில் வரும்போது நீ எழுதினாய். மடியில் கைப்பை, அதன்மேல் நோட்டு, மேடு பள்ளத்தில் கோணிக்கொண்டு போன எழுத்து. மறுநாள் நல்ல தாளில் எடுத்து எழுதி எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாய். 'இவள் எழுந்தது கர்ட்டஸி. எங்கள் லைனில் எல்லோரும் அதைச் செய்கிறோம். லைன் லீடராகிய நானும் அன்று எழுந்து நின்றேன், இவளை உட்கார் என்று சொல்லவில்லை. ரெஸ்பெக்ட் என்பது ஐந்தாவது போல்ட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டியது. அது தவறியதில் எனக்கும் பங்கு உண்டு.' இப்படி எழுதி, கீழே என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரையும் போட்டிருந்தாய். அந்த வருஷம் சூப்பர்வைசர் பதவிக்கு உன் பெயர் போயிருந்தது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று கெஞ்சினேன். நீ காதில் வாங்கவில்லை.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் முகம் சிவந்திருந்தது. காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப எம்மேல உங்களுக்கு ரெஸ்பெக்ட் இல்ல, சும்மா எழுந்து நிக்கறீங்க. அதானே அர்த்தம்?"

உன் குரலில் நடுக்கமே இல்லை.

"இல்லைங்க சார். நீங்க வரும்போது எழுந்து நிக்கறது கர்ட்டஸி. நீங்க போன பொறவும் அஞ்சு போல்ட்டையும் அளவா முடுக்கறது ரெஸ்பெக்ட். ரெண்டும் ஒரே நேரத்துல வந்துட்டா எதச் செய்யணும்னு நீங்களே சொல்லிடுங்க சார். அதயே செய்யறோம்."

அவர் காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "வார்னிங்கோட விடறேன். இனிமே பாத்துச் செய்யிங்க" என்றார். உன்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து லைன் முகப்பில் ஓர் அறிவிப்பு வந்தது: யார் வந்தாலும் வேலையை விட்டு எழுந்திருக்க வேண்டாம். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அதை எழுதித் தரச் சொல்லி அவர் உன்னிடம்தான் ஆள் அனுப்பினார். நீ மூன்றிலும் எழுதினாய், ஒரு பிழை இல்லாமல்.

நான் நிரந்தரமானேன். சூப்பர்வைசர் பட்டியலில் உன் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. நான் அழுததற்கு, "பதவி இன்னொரு வருசம் வரும். உன் வேல போயிருந்தா திரும்ப வருமா?" என்று அதட்டினாய். அந்த இன்னொரு வருஷத்தில் உனக்குப் புற்றுநோய்தான் வந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

உன்னைப் பற்றி எனக்கு இருப்பது எந்த வார்த்தை என்று நான் தேடியதே இல்லை. அகராதி உன் வீட்டில் இருக்கிறது, போய்க் கேட்டால் கொடுப்பார்கள். எனக்குத் தேவைப்படவில்லை. என் தோழி என்று சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்கிறது. அது போதும். அந்தப் படிவங்களில் நான் டிக் போடவில்லை. சதுரத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி எழுதினேன். பதினோரு பேருக்கும் பதினோரு வரி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். ஆபீஸில் சிரித்தால் சிரிக்கட்டும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ போன செய்தி வந்தபோது நாங்கள் லைனில் இருந்தோம். உனக்குப் பதிலாக லைன் பொறுப்பில் இருந்த பெண் வந்து என் தோளைத் தொட்டுச் சொன்னாள். கையில் பம்ப் இருந்தது, மூன்று போல்ட் முடிந்திருந்தது. கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு நான்காவதை முடுக்கினேன். 'டிக்' கேட்டது. புள்ளி வைத்தேன். ஐந்தாவதை முடுக்கினேன். கேட்டது. புள்ளி வைத்து அனுப்பிவிட்டு எழுந்து நின்றேன். சத்தம் ஒவ்வொரு மேஜையாக அடங்கி வந்தது. அவரவர் கையிலிருந்ததை முடித்துவிட்டு ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். உனக்காக நின்ற அத்தனை பேரில் ஒருத்திகூடப் பாதியில் விட்டு எழுந்திருக்கவில்லை.