காயத்துக்குள் அரிசி

செப்டம்பர் 4, 2024

போதும். பதினொரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கேட்க ஆளில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாச்சியார் இன்று எர்ணாகுளத்தில் கறுப்புக் கவுன் போட்டு உறுதிமொழி எடுத்தாள். என் மனைவி, நாற்பத்தொன்பது வயதில் வக்கீல். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை அவள் விட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் சிரிக்கவில்லை. இருவரும் ஒரே நாளில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே செட் புத்தகம். தினமும் காலை ஐந்து மணிக்குச் சமையலறை மேசையில் அவள் கேள்வியை வாசிப்பாள், நான் பதில் சொல்வேன், அவள் எழுதிக்கொள்வாள். சொன்னவன் நான். பாஸானது அவள். எனக்கு இன்னும் ஒரு தாள் பாக்கி, சாட்சியச் சட்டம். நான்கு முறை எழுதி நான்கு முறையும் போயிற்று.

ரயிலடிக்கு அழைக்கப் போகவில்லை. கடையில் வேலை என்று சொல்லிவிட்டேன்.

கடை ஆரியசாலையில். அரிசி மொத்த வியாபாரம். முன்பு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன் என்பதால் முதலாளி வன்னியபெருமாள் என்னை 'மாஷே' என்கிறார். மரியாதையாம். லாரி வந்ததும் மூட்டைகளைக் குத்தூசியால் குத்திச் சாம்பிள் எடுப்பது என் வேலை. விரல் கனத்தில் இரும்புக் குழல், நுனி கூர், நடுவே பள்ளம். குத்தினால் பள்ளத்தின் வழியாக அரிசி உள்ளங்கையில் கொட்டும். உருவியதும் சணலை நகத்தால் கீறிவிட்டால் ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இருநூறு குத்து. ஒவ்வொரு மூட்டைக்கும் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் சத்தியதாஸ்.

செப்டம்பர் 9

சத்தியதாஸைப் பற்றி ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

நான் தமிழாசிரியராக இருந்தபோது அவர் தலைமையாசிரியர். 2013-இல் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடம் நடக்கும்போது சிரித்தான். அறைந்தேன். ஒரே அறை. செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. பெயரில்லை, கையெழுத்தில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு சத்தியதாஸ் ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டார்:

"எழுதினது யாருன்னு எனக்கு வேண்டாம் சாரே. எழுதியிருக்கது உண்மையா? அத மட்டும் சொல்லும்."

ராஜினாமாவை எழுதி அவர் மேசையில் எறிந்துவிட்டு வந்தேன். அந்தக் கடிதத்தை எழுதியது அவரேதான், எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடாமல் எழுதுகிறவன் மனிதனே அல்ல. அவன் கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எறிய வேண்டும்.

செப்டம்பர் 17

நாச்சியாரின் சீனியர் வக்கீல் ஷிஜாவுக்கு முப்பத்தெட்டு வயது. தன் ஜூனியரைச் 'சேச்சி', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறாளாம். அதைச் சொல்லிவிட்டு நாச்சியார் சிரித்தாள். பிறகு, "அடுத்த மாசம் உங்க பரீட்சையாக்கும். இனி நானே கேக்கேன், நானே திருத்துதேன். நீங்க எழுதுங்கோ" என்றாள்.

அவள் திருத்துவாள்!

கையிலிருந்த கட்டன்சாயா டம்ளரை வீசினேன். அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் அடித்தது. காரை பெயர்ந்து விழுந்தது. நாச்சியார் முகத்தைத் துடைத்தாள், மேசையைத் துடைத்தாள், புத்தகத்தைத் திறந்து முதல் கேள்வியை வாசித்தாள்.

எழுதினேன். வேறு என்ன செய்ய?

அக்டோபர் 3

பரீட்சை முடிந்தது. இதிலும் போனால் புத்தகங்களைக் கொல்லையில் போட்டுக் கொளுத்துவேன்.

அக்டோபர் 22

இன்றே எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்குச் சத்தியதாஸ் கடைக்கு வந்தார். அவருடைய சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை அசனம், சபையார் எல்லோருக்கும் சாப்பாடு. ஐந்து மூட்டை வேண்டுமாம். வாசலில் லோடு இறக்கிக்கொண்டிருந்த பிச்சையாவின் மூட்டை அவர் தோளில் இடித்தது. கண் தெரியவில்லையா என்று கத்தினார்.

"சாக்குக்குக் கண்ணு கெடையாது பெருசு. ஒமக்கு இருக்குல்லா, வெலகி நில்லும்" என்றான் பிச்சையா. தெருவே சிரித்தது. சத்தியதாஸ் அவனைப் பிடித்துத் தள்ள, அவன் மூட்டை இழுக்கும் கொக்கியை ஓங்க, முதலாளி நடுவில் புகுந்து விலக்கினார். பிச்சையா சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். வாய்தான் நீளம்.

நான் சத்தியதாஸைக் குடோனுக்கு அழைத்துப் போனேன். ஒரு மூட்டையைக் குத்தி அவர் கையில் அரிசியைக் கொட்டினேன். திரும்பிக் குனிந்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தாணு சாரே, வீட்டுக்காரி வக்கீலாயிட்டாங்கன்னு கேட்டேன். சந்தோஷம். ஒரு வீட்டுல ஒருத்தராவது எடுத்த காரியத்த முழுசா முடிக்கணும்லா."

கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை. நல்ல மனதோடு சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

குத்தினேன். இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கம். சணல் மாதிரிதான் இருந்தது. முதலில் ஒரு பிடிவாதம், பிறகு சட்டென்று வழி விட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் சரிந்தவரின் நெற்றி தராசின் இரும்பு விளிம்பில் போய் அடித்தது. அந்தச் சத்தம் பெரிய சத்தம். உருவும்போது பள்ளத்திலிருந்து சிவப்பாக நாலைந்து அரிசி என் கையில் விழுந்தது.

பின்வாசல் வழியாகச் சந்துக்குப் போய்ச் சுற்றி முன்வாசலுக்கு வந்தேன். அதற்குள் பிச்சையா அவரைப் பார்த்துவிட்டான். தோளிலிருந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான். அவன் சட்டை முழுக்க ரத்தம். இடுப்பில் கொக்கி.

பதினொரு வருடத்துக்குப் பிறகு இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 23

பிச்சையாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நேற்றுக் காலையில் சண்டை, கொக்கியில் ரத்தம், இத்தனை பேர் சாட்சி. என்னிடமும் கேட்டார்கள். "சாம்பிள் காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்" என்றேன். இன்ஸ்பெக்டர் 'மாஷே' என்றுதான் கூப்பிட்டார். சத்தியதாஸ் மெடிக்கல் காலேஜில் ஐசியூவில், நினைவில்லாமல்.

அக்டோபர் 27

குத்தூசியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கல்லாறுக்குப் போனேன். ஆற்றில் எறிந்துவிடத்தான். முழங்கால் அளவு தண்ணீர், அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. பொன்முடி மலைக்குப் போகிற கூட்டம் மூலைக்கு மூலை குளித்துக்கொண்டிருந்தது. ஒரு பையன் என்மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டுச் சிரித்தான். அவன் தலையைப் பிடித்துப் பாறையில் மோதலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

ஓரத்தில் கரண்டைக்கால் அளவு தண்ணீரில் நின்றபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். குத்தூசி இப்போது குடோனில், ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

நவம்பர் 5

பிச்சையாவின் கேஸை ஷிஜா ஏற்றிருக்கிறாள். கேஸ் கட்டு நாச்சியாரிடம் வந்திருக்கிறது. "சேச்சி தன்னெ நோக்கிக்கோ, தமிழ் ஆளல்லே" என்றாளாம், தமிழ் ஆள் என்பதால் இவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று. நாச்சியாருக்கு முதல் கேஸ். இருபது வயதிலிருந்து அவள் காத்திருந்த முதல் கேஸ்.

காலை ஐந்து மணி. அதே மேசை, சுவரில் அதே காரை பெயர்ந்த இடம். பரீட்சைக் கேள்வியைப் போலவே வாசித்தாள்.

"கொக்கியால குத்தினதுன்னு போலீஸ் சொல்லுது. பிச்சையாவுக்கு வக்கீல் நீங்கன்னு வச்சுக்கோங்கோ. என்ன கேப்பியோ?"

இங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. விடை தெரிந்த கேள்வி. இருபது வருடம் வகுப்பெடுத்த வாய்.

"கொக்கி வளைஞ்சது. குத்தினா சதையக் கிழிச்சிட்டுத்தான் வெளிய வரும். இது நேராப் போன காயம், உருண்டை. டாக்டர்கிட்ட முதல் கேள்வியே, காயத்துக்குள்ள அரிசி எப்படி வந்துதுன்னு கேக்கணும். கொக்கி அரிசிய உள்ள கொண்டு போகாதே?"

நாச்சியார் எழுதிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். கட்டைப் புரட்டி அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். விரலை வைத்து மெதுவாக, ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"காயத்துலருந்து அரிசி எடுத்தது இங்க இருக்கு," என்றாள். "நான் இன்னும் இந்தப் பக்கத்த திருப்பவே இல்லையே."

வெளியே பால்காரனின் பைக் சத்தம். கட்டை மூடினாள். டம்ளர் இரண்டையும் எடுத்துப் போய்க் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 6

காலை ஐந்து மணிக்கு மேசையில் நான் மட்டும்.

நவம்பர் 14

இரண்டு செய்தி.

சத்தியதாஸுக்கு நினைவு திரும்பிவிட்டது. அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பியது வரைதான் ஞாபகம். கடை ஞாபகமில்லை, நான் ஞாபகமில்லை. முதலாளி சொல்லிவிட்டு, "மாஷே, எந்தாணு முகம் இப்படி வெளுத்துப் போச்சு? நல்ல சேதியல்லவா?" என்றார்.

இரண்டாவது: நான் பாஸ். ஐம்பத்தாறு மார்க். சாட்சியச் சட்டத்தில்!

இனி நானும் கவுன் போடலாம். போட முடியாமல் செய்ய ஒரே ஒரு விஷயத்தால்தான் முடியும். அதுவும் ஒருவர் மண்டையிலிருந்து தானாகவே அழிந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

நவம்பர் 18

நாச்சியார் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உடம்பு சரியில்லை, இந்தக் கேஸ் வேண்டாம் என்று ஷிஜாவிடம் சொல்லியிருக்கிறாள். ஷிஜாவுக்கு அன்று வேறு கோர்ட். ஜாமீன் மனுவுக்கு வாதாட யாருமில்லாமல் தேதி தள்ளிப்போய்விட்டது.

"யாருக்காக விட்ட?" என்று கேட்டேன்.

"எனக்கு முடியல்ல."

"எனக்காகன்னு சொல்லு. சொல்லுடி! என்ன வச்சுத் தியாகி ஆகலாம்னு பாக்கியா? நான் கேட்டனா?"

கையை ஓங்கினேன். அவள் விலகவில்லை. கண்ணையும் மூடவில்லை.

"அடிச்சிரும். என்ன அடிச்சா மறுபடி ஞாபகம் இருக்கும். நான் சத்தியதாஸ் சார் இல்ல."

ஓங்கிய கையைக் கதவில் அடித்தேன். இரண்டு விரல் வீங்கியிருக்கிறது. இவ்வளவு நாளில் இந்த விஷயத்தைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான். கவுனை மடித்து அலமாரியின் அடித்தட்டில், பழைய போர்வைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

முப்பது வருடம் காத்து முடித்ததை எனக்காக மண்ணில் போட்டுவிட்டாள். அவளை வெறுக்கிறேன். இந்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை, சத்தியதாஸைக்கூட.

நவம்பர் 20

பிச்சையாவின் மனைவி பேச்சியம்மாள் ஊரிலிருந்து வந்து கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரிடமும் பேசாமல் நேரே என்னிடம் வந்தாள்.

"சார், நீங்க படிச்சவுக. ஒரு மனு எழுதித் தாங்க. அந்த மனுசன் குத்திருந்தா தூக்கிட்டு ஓடுவானா? குத்திப்புட்டு எவனாவது தூக்குவானா சார்? இத அப்படியே எழுதுங்க."

எழுதினேன். வீங்கிய விரலால் ஒரு பக்கம். நல்ல மனு, பிழையில்லை. பூஜப்புரை ஜெயிலில் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன்.

"கீழ யாரு பேரு போடணும் சார்?"

"உன் பேரு."

"நான் என்னத்தக் கண்டேன்? கண்டவுக பேரு போட்டாத்தானே எடுபடும்?"

அவள் கேட்டது சட்டப்படி சரி. சாட்சியச் சட்டத்தில் ஐம்பத்தாறு மார்க் வாங்கியவன் நான். அவள் விரலைப் பிடித்து மையில் அமுக்கி ரேகை வைத்தேன். கை முழுக்கக் காய்ப்பு. போகும்போது என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வலது கையை.

நவம்பர் 22

நேற்று முழுக்க ஒரு கடிதம் எழுதினேன். தமிழில், இரண்டு பக்கம். அக்டோபர் 22, பதினொரு மணி, குடோன். அவர் சொன்ன வார்த்தை. குத்திய இடம், பின்வாசல், சந்து. ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அதன் பள்ளத்தில் காய்ந்துபோய் என்ன ஒட்டியிருக்கிறது. பிச்சையா அவரைத் தூக்கிய விதம். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் திரும்பிவிட்டேன். மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் மனிதனே அல்ல என்று நான் எழுதினேனே, அவன்தான் நான். இருக்கட்டும்.

உறையில் ஷிஜா வக்கீல், வஞ்சியூர் என்று விலாசம் எழுதினேன். ஷிஜாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்த ஆபீஸில் வாசித்துச் சொல்ல ஒருத்திதான் இருக்கிறாள். ஐந்து வருடம் என் நோட்டைப் பார்த்துப் படித்தவள். முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வாய்விட்டு வாசிப்பதும், மடித்து இடுப்பில் செருகிக்கொள்வதும் அவள் பாடு. இது அவளுக்கு நான் செய்கிற நியாயமா, அவள்மேல் வீசுகிற இன்னொரு டம்ளரா? எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

காலையில் அலமாரியைத் திறந்து போர்வைக்கு அடியிலிருந்து கவுனை எடுத்தேன். இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டேன். அவள் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பழவங்காடி முக்கில் தபால் பெட்டி இருக்கிறது. பத்தரைக்கு எடுப்பார்கள். இப்போது ஒன்பதே முக்கால்.

கடிதத்தின் கடைசி வரிக்குக் கீழே பேனாவை வைத்தேன், எடுத்தேன். எழுதியது யார் என்று கேட்க வேண்டாம். எழுதியிருப்பது உண்மையா, அதை மட்டும் கேட்கட்டும்.

கையெழுத்துப் போடவில்லை. ஒட்டிவிட்டேன். போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.