முழங்கால் சொன்ன தீர்ப்பு

செப்டம்பர் 29, ஞாயிறு

ஜெபக்கூட வாசலிலிருந்து பதுங்கறைக் கதவுவரை காலையில் நடந்து பார்த்தேன். நாற்பத்தோரு எட்டு. நான் ஓடினால் ஒன்பது விநாடி. தடி ஊன்றி நடக்கும் கிழவர் ஹனினாவுக்கு இருபத்தாறு. சைரன் ஒலித்து ராக்கெட் விழும்வரை எல்லையோரத்து எங்கள் ஊருக்குக் கிடைப்பது பதினைந்து.

மனைவி திர்சா கைபேசியில் விநாடி பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னொரு தடவ நடக்கச் சொன்னீங்கன்னா மனுஷன் சைரன் இல்லாமலே போய்ச் சேந்துருவாரு. விடுங்க.”

ராணுவத்தின் புது அறிவிப்பு வந்திருக்கிறது. ஒரே கூரைக்குள் ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது. யூத ஆண்டுப் பிறப்புக்கு எங்கள் ஜெபக்கூடத்தில் இருநூறு பேர் நிற்பார்கள். கூரையோ தகரம். புதன் மாலை பண்டிகை தொடங்குகிறது. என்ன செய்வது என்று ஊர் என்னைக் கேட்கும். இந்த ஊரின் யூத குரு, ரபி, நான்தான்.

செப்டம்பர் 30

தீர்ப்பை எழுதி ஒட்டிவிட்டேன். ஜெபக்கூடம் பூட்டப்படும். மூன்று பதுங்கறைகளிலும் தனித்தனியாகத் தொழுகை. நீண்ட பாடல்கள் வேண்டாம். ஆட்டுக்கடாக் கொம்பை நூறு முறை ஊத வேண்டியதில்லை, முப்பது போதும். பண்டிகையில் கைபேசி விலக்கு என்றாலும், எச்சரிக்கை கேட்பதற்காக அறைக்கு ஒரு கைபேசி அணைக்காமல் இருக்கட்டும்.

மதச் சட்டத்தில் சந்தேகமே இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும். ஆபத்தா இல்லையா என்று தெரியாதபோதும் அப்படித்தான்.

தாளை ஒட்டிக்கொண்டிருந்தபோது அம்ராம் வந்து நின்றார். ஆப்பிள் தோட்டக்காரர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். இருபது வருடமாக, பாவமன்னிப்பு நாளான கிப்பூர் நோன்பின் கடைசித் தொழுகையை, வாசல் அடைக்கும் தொழுகையை, நடத்துபவர். அவர் மகன் யினோன் எல்லைக்கு அப்பால் டாங்கியில் இருக்கிறான்.

ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு கேட்டார்: “இது சட்டம் சொன்ன தீர்ப்பா ரபி, இல்ல உங்க முழங்கால் சொன்ன தீர்ப்பா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சைரன் கேட்டால் என் முழங்கால் ஆடுவது ஊருக்கே தெரியும். போன மாதம் கடை வாசலில் உட்கார்ந்தேவிட்டேனே.

அக்டோபர் 1

இரண்டு முறை சைரன். பேனாவை மூடிவிட்டேன். நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பண்டிகை இரண்டு நாள், அதை ஒட்டி ஓய்வுநாள். மூன்று நாளும் எழுதத் தடை. இன்றுதான் பேனாவைத் தொடுகிறேன்.

பதுங்கறையில் மூச்சு முட்டியது. கொம்பு ஊதியதும் பக்கத்து வீட்டு ஷிரானின் கைக்குழந்தை அதைச் சைரன் என்று நினைத்து வீறிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

மூன்று நாளில் எங்கள் ஊர்மேல் ஒன்றுகூட விழவில்லை. ஆண்டவனுக்கு நன்றி என்று எழுதுகிறேன் — எழுதும்போதே ஒரு மூலையில் வெட்கம். இரண்டு பேர் என் காதுபடவே சொன்னார்கள்: “சும்மா கெடந்த கூடத்தப் பூட்டி வெச்சாரு மனுஷன்.” விழுந்திருக்க வேண்டும் என்று என்னில் எதுவாவது ஆசைப்பட்டதா? சே. இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 9

அம்ராம் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“கிப்பூருக்கும் பூட்டா?”

“ஆமா. நீங்க கடைசித் தொழுகைய பதுங்கறையில நடத்துங்க.”

“முடியாது. நேர்ந்துக்கிட்டேன். யினோன் உள்ள போன அன்னிக்கே நேர்ந்துக்கிட்டேன். வேதச்சுருள் பேழையத் திறந்து வெச்சு, அதுக்கு முன்னால, நான் நிக்கிற இடத்துலயே நின்னு, அந்தத் தொழுகைய முடிக்கிறேன்னு. அவன் பேசி ஒன்பது நாளாச்சு.”

நேர்ச்சையை அவிழ்க்க வழி இருக்கிறது. மூன்று பேர் உட்கார்ந்து அவர் வருத்தத்தைக் கேட்டு விடுவித்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. சொன்னேன்.

முகம் மாறிவிட்டது. “அத அவிழ்த்தா அவன் பிடிச்சிருக்கிற கயிறையும் சேத்து அவிழ்த்த மாதிரி, ரபி. உங்களுக்கு மகன் இல்ல. விடுங்க.”

எனக்கு மூன்று மகள்கள். வாசல்வரை கூட வந்தேன். கிளம்பும்போது கேட்டேன்: “இன்சுலின் போடறீங்களே, நோன்பு எப்படி? டாக்டர் சொன்ன அளவுல கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். அது சலுகை இல்ல, உங்களுக்குக் கட்டளை.”

“பாத்துக்குறேன்” என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி. நோன்புக்கு முன்

நோன்புக்கு விலக்கான தோல் செருப்பைக் கழற்றியாயிற்று. வெள்ளை உடுத்தியாயிற்று. கூடத்தின் சாவி ஒன்று என்னிடம், இன்னொன்று அம்ராமிடம். வாங்கி வைத்திருக்க வேண்டும். கேட்கத் தைரியம் வரவில்லை.

பயமாக இருக்கிறது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று மாலை, கடைசித் தொழுகைக்கு எழுந்து நின்றோம். நடத்த வேண்டிய அம்ராமைக் காணோம். பதுங்கறைக் கதவைத் திறந்தேன். எதிரே ஜெபக்கூடத்தின் கதவும் திறந்திருந்தது.

தொழுகையைத் தொடங்கும்படி மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனேன். ஓடவில்லை. கோபத்தில் நடந்தேன். பத்துப் பேர் கூடினால்தான் இந்தத் தொழுகை; தனியாக நின்று என்ன நடத்துகிறார் இந்த மனிதர்?

பேழை திறந்திருந்தது. உள்ளே சுருள்கள் வெள்ளைப் போர்வையோடு வரிசையாக நின்றன. அம்ராம் கீழே கிடந்தார். முகமெல்லாம் வேர்வை. நாக்குக் குழறியது. “முடிக்கல… ரபி… முடிக்கல.”

“காலையிலேருந்து ஏதாவது குடிச்சீங்களா?”

தலையை ஆட்டினார். இல்லை.

அலமாரியில் திராட்சைச் சாறு இருந்தது. மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது சைரன்.

பதினைந்து விநாடி. நாற்பத்தோரு எட்டு. நான் மட்டும் என்றால் ஒன்பது. இதை எழுத வேண்டும்: கணக்குப் போட்டேன். அவரைப் பார்த்துக்கொண்டே போட்டேன். கால் வாசல் பக்கம் திரும்பியும் விட்டது.

பிறகு அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். எருமை கனம். வாசிப்பு மேடை சிமெண்டு, அதன் ஓரம்வரைதான் இழுக்க முடிந்தது. பக்கத்தில் படுத்தேன். என் முழங்கால் அவர் விலாவில் மோதி மோதி ஆடியது. அவர் என் கையைப் பிடித்தார். அவர் கையும் ஆடிக்கொண்டிருந்தது.

சத்தம். ஜன்னல் கண்ணாடி முழுவதும் உள்ளே வந்தது. தகரத்தில் கல்மாரி போல ஏதேதோ விழுந்தது. அப்புறம் அமைதி. கண்ணாடித் தூளின்மேல் மண்டியிட்டு அவருக்குச் சாற்றைப் புகட்டினேன். கிப்பூர் அன்று, திறந்த பேழைக்கு எதிரே. மார்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். சர்க்கரை மட்டும் இல்லை என்று புரிந்தது.

பதுங்கறைக்கு ஓடிப் போய்க் கைபேசியை எடுத்தேன். என் விரல் புனித நாளில் அதைத் தொட்டது வாழ்க்கையில் அதுவே முதல் முறை. உயிர் காக்க விலக்கை மீறும்போது ரபியே முதலில் கைவைக்க வேண்டும் என்பதுதான் சட்டம், யாரும் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பதற்காக. எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொல்வது சுலபம்.

“கீழ் ரோட்டுல தீ. வண்டி மேல வர முடியாது. நீங்க கொண்டு வர முடியுமா?” என்றாள் ஆம்புலன்ஸ் பெண்.

அதற்குள் வாசலில் எங்கள் கார் சத்தம். திர்சா ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். யாரும் சொல்லாமலே. நான்கு பேர் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். வீடுகளின் வாசலில் ஆட்கள், வெள்ளை உடையில், கிப்பூர் நாளில் கார் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு. தொழுகைச் சால்வையோடு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். தோட்டத்து மண்பாதை வழியே, மலைமேல் இருக்கும் மருத்துவமனைக்கு. வழியில் இன்னொரு சைரன். நிறுத்தவில்லை. பயம் குறைந்தது என்று யாராவது நினைத்தால் அது பொய். வழி முழுக்க நடுங்கிக்கொண்டேதான் ஓட்டினேன்.

இதயத்தில் அடைப்பு. எடுத்துவிட்டார்கள். இருக்கிறார்.

அம்ராம் கேட்டாரே — முழங்கால் சொன்ன தீர்ப்பா என்று. ஆமாம். பயந்துதான் எழுதினேன். ஆனால் உயிருக்குப் பயப்படு என்று சட்டமும்தானே சொல்கிறது? இவ்வளவு நாள் அதற்கு ஏன் வெட்கப்பட்டேன்?

அக்டோபர் 14

கூடத்தைப் பெருக்கினோம். திர்சா பேழையை மூடினாள்.

அக்டோபர் 16, புதன். கூடாரப் பண்டிகைக்கு முன்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி: சைரன் சத்தத்துக்கு நடுவே பண்டிகைக் கடமைப்படி முற்றத்துக் கூடாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதா, வீட்டுக்குள்ளேயா? பதுங்குமிடம் எட்டாவிட்டால் வீட்டுக்குள்ளேயே சாப்பிடுங்கள் என்றேன். விளக்கம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மதியம் மருத்துவமனையிலிருந்து அம்ராம். குரல் மெலிந்திருந்தது.

“யினோன் பேசினான், ரபி.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ரெண்டே நிமிஷம். அதுல ஒரு சட்டக் கேள்வி கேக்குறான் கழுத. டாங்கி பக்கத்துல நாலு கம்பு நட்டுக் கூடாரம் போடலாமா, சாப்பாட்டுக்கு மட்டும் வெளிய எறங்கலாமான்னு. உங்களக் கேக்க நேரமில்ல. நானே சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னீங்க?”

“கூடாரமெல்லாம் வேண்டாம், உள்ளயே உக்காந்து தின்னு, தலைய வெளிய நீட்டாதன்னு சொன்னேன். பயத்துலதான் சொன்னேன்.” மூச்சு வாங்கினார். “தப்பா ரபி?”

“தப்பில்ல, அம்ராம். அதுதான் சட்டம்.”

இருவரும் போனை வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.