டாம்சினை யாரும் முந்தவில்லை

ஜூலை 9
கிளைவ் வந்தார். படகுப் போட்டிக் குழுவுக்குத் தலைவர், போட்டியன்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவரேதான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று தொப்பியைப் பிசைந்தார். "படகுல பேரு எழுதியாச்சு ஹெஸ்டர். எழுதினத அழிக்கிற வழக்கமில்ல. நீ சொன்னா அழிச்சிடுறோம்மா."

வருஷா வருஷம் ஊரில் நோயில் கிடக்கும் ஒருவருக்காகத்தான் போட்டியும் உண்டியலும். முதல் படகுக்கு அவர் பெயர். இந்த வருஷம் என் டாம்சின். மஞ்சள் எழுத்து வேண்டும் என்று அவளே கேட்டாள். ஜூன் மாதம் போய்விட்டாள். ஒன்பது வயது.

அழித்துத் தொலையுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. பணத்தைக் குழந்தைகள் வார்டுக்குக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 10
ரோலண்ட் அந்தப் படகில் துடுப்புப் போடப் போகிறானாம். "அப்பன் நான் இருக்கேன். வேற எவன் போடுவான்?" போடட்டும். நான் கரைக்குப் போகமாட்டேன். ஊரே அவள் பெயரைக் கத்தும். போன வருஷம்வரை நானும் கத்தினேன், கையில் சாண்ட்விச்சோடு, யார் வீட்டுப் பிள்ளைக்கோ.

ஜூலை 14
பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேக் கொண்டுவருகிறார்கள். யார் தின்பது? தின்கிறவள் எங்கே?

ஜூலை 20, சனி
போனேன். வீட்டில் உட்கார்ந்தால் மட்டும் காது கேட்காமலா போகும்?

பெயர் எழுதிய படகை யாரும் முந்துவதில்லை. அப்படி ஒரு விதி கிடையாது. பந்தயம் முடியும் இடத்துக் கொடி நெருங்கினதும் மற்ற படகுக்காரர்களுக்கெல்லாம் கை வலித்துவிடும், அவ்வளவுதான். இன்றும் அப்படித்தான் பின்தங்கினார்கள். கிளைவ் வழக்கமான கிண்டலை ஆரம்பித்தார்: "டாம்சினுக்கு மூச்சு வாங்குது போல! தாங்குவாளா, மாட்டாளா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒலிபெருக்கி நின்றுபோயிற்று. பாவம், பழக்கதோஷம்.

படகில் ரோலண்ட் துடுப்பை மடியில் வைத்துவிட்டான். கூட இருந்தவர்களும் நிறுத்தினார்கள். பின்னால் வந்த எல்லாப் படகும் நின்றன. யார் தாண்டுவார்கள்? தேம்ஸ் ஆறு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, கரை முழுக்க ஒரு சத்தம் இல்லை. ரோலண்டின் தலை குனிந்தே இருந்தது. ஐயோ, இந்த மனுஷன் இப்படியே உட்கார்ந்திருப்பானே, கொடியைத் தொட்டால் அவளோடு எல்லாம் முடிந்துபோய்விடும் என்று பயந்து. எனக்கு மட்டும் முடியணுமா?

ஆனால் எத்தனை நேரம் நடு ஆற்றில் விடுவது பிள்ளையை?

எப்போது தண்ணீரில் இறங்கினேன் தெரியாது. முழங்கால் வரை நனைந்து நின்று கத்தினேன். "டாம்சின்! வாடி கண்ணு! அம்மா இங்க இருக்கேன், வந்துடு!" திரும்பத் திரும்ப அதையேதான். ரோலண்ட் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு துடுப்பை எடுத்தான். அழுதுகொண்டேதான் போட்டான்.

வந்து சேர்ந்தார்கள்.

ஜூலை 23
பால் வாங்கப் போனேன். தொண்டை கட்டிப்போய்ப் பேச்சே எழும்பவில்லை. கடைக்குப் புதிதாக வந்த பெண், வெளியூர்க்காரி, "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. என் பொண்ணைக் கூப்பிட்டேன்" என்றேன்.