பஞ்சவர்ணம் அத்தையிடம் கேட்ட பன்னிரண்டு கேள்விகள்

விக்கிரமங்கலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கவியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, போன வாரம் பிறந்த கன்றுக்குட்டி எல்லோரும் சுகம். லண்டனில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைக்கிற ஆளும் சுகம்தானே, அந்தக் குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே. ஆராய்ச்சிக்காக நீ அனுப்பிய பன்னிரண்டு கேள்விகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு அப்பா தெருத்தெருவாகப் போனார், தேர்தலில் ஓட்டுக் கேட்கிறவர் கெட்டார் போ. கண்ணேறு, செய்வினை, பேய் இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்றால் ஒருவர் விடாமல் இல்லை என்கிறார்களாம். ராசாங்கம் மாமா, எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகிற டிராக்டரில் சாய்ந்துகொண்டே எல்லாம் சும்மா என்றாராம். சொல்லிவிட்டு, பாப்பா இதத்தான படிக்குது, நம்ம முந்திரித் தோப்புல எவன் என்னத்த பொதச்சு வச்சிருக்கான்னு போன்லயே பாத்துச் சொல்லுமா என்று கேட்டாராம். அப்பா இன்னும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறார்.

கண் வைப்பவர் என்று ஊர் சொல்கிறவர்களிடமும் கேட்கவேண்டும் என்று எழுதியிருந்தாயே, அது என் தலையில் விழுந்தது. எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் அத்தை, நீ கைக்குழந்தையாக இருந்தபோது கொழுகொழு என்று இருக்கிறாய் என்று சொன்ன அன்றைக்கே உனக்குக் காய்ச்சல் வந்தது. அதிலிருந்து அவரைக் கண்டால் உன்னை முந்தானையால் மூடியவள் நான், இருபத்தெட்டு வருஷமாக வாசலோடு அனுப்பியவளும் நான். கூச்சத்தோடுதான் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். முதல் கேள்விக்கே அழுதுவிட்டார். அப்புறம் காப்பி போட்டுக் கொடுத்து இரண்டு மணி நேரம் பேசினார், நடுவில் என்னைச் சிரிக்கவும் வைத்தார். நீ மூடுனது எனக்குத் தெரியும் மலரு, அதான் புள்ள தெருவுல வெளையாண்டா நானே அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுப் போயிடுவேன் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது கவியா, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் நம் வீட்டுக்குக் கூப்பிட்டேன், வந்தார். ஏழு மாத வயிற்றோடு நீ அனுப்பிய படத்தை நானே போனில் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெகு நேரம் பார்த்தார், ராசாத்தி நல்லாருக்கட்டும் என்றார். அவர் சொன்னதையெல்லாம் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், உன் ஆராய்ச்சியில் அவர் பெயரை மட்டும் போட்டுவிடாதே.

இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. செட்டிகுளம் முருகன் உன்னையும் பிள்ளையையும் கூடவே இருந்து காப்பான். அந்தப் பன்னிரண்டு கேள்விகள் எனக்கும்தானே, என் பதிலாக இதையும் எழுதிக்கொள். அத்தை அந்தப் பக்கம் போனதும் உன் படத்துக்குச் சுற்றிப் போட உப்பு ஜாடிக்குப் போய்விட்டேன், கை நிறைய அள்ளியும் விட்டேன். அப்புறம் சுற்ற மனசு வரவில்லை, அள்ளியதை அடுப்பில் இருந்த ரசத்தில் போட்டுவிட்டேன். அன்றைக்கு ரசம் வாயில் வைக்க முடியவில்லை, அப்பா இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டு முடித்தார்.

ஆயிரம் முத்தங்களுடன்
உன் அம்மா
மலர்கொடி