கம்பை எடுக்கச் சொன்னது யார்?

என்மேல் உயிரையே வைத்திருந்த முருகேசண்ணாவுக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மட்டாஞ்சேரியில் நீ கடைசியாகக் கொத்து வேலை பார்த்த அந்தப் பழைய மிளகுக் கிடங்கு இப்போது பெரிய ஓட்டல். தெரு கூட்டும் வேலையில் அந்த வார்டு எனக்கு விழுந்தபோது, வேறொருத்தியோடு மாற்றிக்கொண்டேன். அந்த வாசலைப் பெருக்க எனக்குக் கை வராது.

அன்று மத்தியானம் நீ போனில் சொன்னதெல்லாம் அப்படியே காதில் இருக்கிறது.

"சுவரு நனைஞ்சு கெடக்கு செல்வி. ரெண்டு நாள் காயட்டும்னு சொன்னேன். மொதலாளி கேக்க மாட்டேங்காரு. லாரி உள்ள வரணுமாம், முட்டுக் கொடுத்த கம்பையெல்லாம் எடுக்கச் சொல்லுதாரு."

"நீ என்ன செய்யப்போற?"

"மத்தவங்கள வெளிய நிறுத்திட்டு நானே எடுக்கேன்."

"சரிண்ணா, பாத்து" என்று சொல்லி வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் சுவர் உன்மேல் விழுந்தது. முடியாது என்று நீ ஏன் சொல்லவில்லை? எடுக்காதே என்று நான் ஏன் சொல்லவில்லை?

முதலாளி போலீசில் வேறு மாதிரி சொன்னார். தான் வேண்டாமென்று தடுத்தும் கொத்தனார் அவசரப்பட்டுக் கம்பை எடுத்துவிட்டாராம். முதலாளி வந்தால் கவுன்சிலர்களே எழுந்து நிற்பார்கள். அவர் சொன்னதுதான் எழுதப்பட்டது. உன்னோடு வேலை பார்த்தவர்கள் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மறுநாளும் அவரிடம்தான் அவர்களுக்கு வேலை.

உன் மகள் ரம்யாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. மலையாளம் நன்றாக வரும். பத்திரிகையில் அந்தச் செய்தியை அவளே வாசித்துவிட்டு என்னிடம் வந்தாள். "அப்பா சொன்ன பேச்சு கேக்கலையா அத்தை?" என்று கேட்டாள். அந்த வாரமே எர்ணாகுளம் போய்த் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலாளி சுள்ளிக்கல்லில் நம் வீட்டுக்கு வந்தார். கார் இல்லை, கூட ஆள் இல்லை. இளைத்திருந்தார். மதினி போட்டுக் கொடுத்த சாயா அவர் கையிலேயே ஆறிப்போனது.

"உறக்கம் இல்லா" என்றார் மதினியிடம். "ஞான்தான் எடுக்கச் சொன்னது. க்ஷமிக்கணும்."

மதினி அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். பிறகு, "மன்னிச்சிட்டேன், போயிட்டு வாங்க" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது அண்ணா. அவர் போனதும் மதினியோடு சண்டை போட்டேன். எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். அவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். பத்து நாள் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை நாள் வந்தது. நான் பயந்த மாதிரியே அவருடைய வக்கீல் எழுந்து, "இறந்தவரின் மனைவியே மன்னித்துவிட்டார், இனி இதில் என்ன இருக்கிறது?" என்றார். அதிகாரி மதினியைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன்.

நம் மதினி, கடைக்காரரிடம்கூடச் சத்தமாகப் பேசாதவள், எழுந்து நின்றாள்.

"ஆமா சார், மன்னிச்சேன். என் மனசுக்காக மன்னிச்சேன். அதுக்காக என் வீட்டுக்காரரு சொல்பேச்சு கேக்காம செத்தாருன்னு எழுதுவீங்களா? இவரு என் வீட்ல வந்து சொன்னத இங்கயும் சொல்லட்டும்."

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். முதலாளி அவரைக் கையால் தடுத்துவிட்டு எழுந்தார்.

"ஞான் பறஞ்ஞிட்டாணு எடுத்தது" என்றார். "அயாள் வேண்டான்னு பறஞ்ஞதாணு."

தான் சொல்லித்தான் நீ எடுத்தாய், நீ வேண்டாமென்றுதான் சொன்னாய் என்று, அத்தனை பேர் முன்னால், அவர் வாயாலேயே. அதிகாரி அதை மலையாளத்தில் எழுதி வாசித்துக் காட்டினார். முதலாளி அதில் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் என்னருகில் நின்று, "செல்விக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்கு இன்னும் மன்னிக்க மனசு வரல மொதலாளி" என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

எர்ணாகுளத்திலிருந்து திரும்பும்போது படகில் மதினியிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று போனில் நான் "சரிண்ணா" என்று சொன்னதையும் சொல்லிவிட்டேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒங்கிட்ட பேசிட்டு எனக்கும் போன் போட்டாரு செல்வி. நானும் சரின்னுதான் சொன்னேன்."

 கரை வரும்வரை அவள் கை என் கைமேல் இருந்தது.

அதிகாரி எழுதிய அந்த வாக்குமூலத்தின் நகல் கிடைத்ததும் ரம்யாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தாள். பிறகு மடித்துத் தன் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இனி கோர்ட்டில் வழக்கு நடக்கும் என்கிறார்கள். தண்டனை எவ்வளவு, கிடைக்குமா, ஒன்றும் தெரியாது. ஆனால் கூப்பிடுகிற நாளெல்லாம் நானும் மதினியும் போவோம். அவர் சொன்னதை மாற்றிச் சொல்ல விடமாட்டோம். மன்னிப்பு என் மனதில் எப்போதாவது வந்தால் முதலில் உன்னிடம்தான் சொல்வேன் அண்ணா. வராமலே போனால் அதையும் மறைக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி